அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் தாழ்ப்பாளைப் பாருங்கள்

சென்னையில் ஒரு லாட்ஜில் தனியாகக் கழித்த இரவைப் பற்றி எழுதலாமா வேண்டாமா என்று மூன்று மாதமாக யோசித்தேன். வீட்டில் பாதிதான் சொல்லியிருக்கிறேன். போன வாரம் எங்கள் தெருவில் படித்துக்கொண்டிருக்கும் தங்கச்சி ஒருத்தி போன் செய்து, "அக்கா, சர்ட்டிபிகேட் வெரிஃபிகேஷனுக்குச் சென்னை போனீங்கள்ல, எங்க தங்குனீங்க, எவ்வளவு ஆச்சு?" என்று கேட்டாள். எனக்கு வார்த்தையே வரவில்லை. நான் கிளம்புவதற்கு முன்னால் இதே கேள்வியை யாரிடமாவது கேட்டிருந்தால் அந்த இரவு வந்திருக்காது. அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

எனக்கு ஊர் ராஜபாளையம் பக்கம். டிஎன்பிஎஸ்சி சான்றிதழ் சரிபார்ப்புக்குத் திங்கட்கிழமை காலை பிராட்வே பக்கத்தில் இருக்கும் தேர்வாணைய அலுவலகத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அப்பா சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி ஓடும் தறியில் வேலை பார்க்கிறார். கூட வருகிறேன் என்றுதான் சொன்னார். அவருக்கு இரண்டு நாள் கூலி போகும், இரண்டு பேருக்கு டிக்கெட், சாப்பாடு என்று கணக்குப் போட்டுப் பார்த்து நான்தான் வேண்டாம் என்றேன். ஒரு நாள் தனியாகப் போய்வர முடியாதா என்ற வீம்பும் இருந்தது. பொதிகை எக்ஸ்பிரஸில் திரும்பி வருவதற்கு டிக்கெட் கன்பார்ம் ஆகிவிட்டது, போவதற்கு வெயிட்டிங் லிஸ்ட்டிலேயே நின்றுவிட்டது. அதனால் ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் கிளம்பி, சாயங்காலம் போய்ச் சேர்ந்து, எழும்பூரில் ஒரு இரவு தங்கிவிட்டு, காலையில் மின்சார ரயில் ஏறினால் பார்க், அடுத்து கோட்டை நிலையம், அங்கே இறங்கினால் அலுவலகம் பக்கம்தான் என்று திட்டம். ரூம் புக் செய்யும் ஆப் ஒன்றில் எழும்பூரில் 749 ரூபாய்க்கு ஒரு ரூம் கிடைத்தது. வெள்ளை விரிப்பு, மடித்து வைத்த துண்டு, சுவரில் ஒரு பூப்படம். பணத்தைக் கட்டிவிட்டேன்.

முதல் தப்பு இங்கேயே நடந்துவிட்டது. படத்தையும் மொத்த நட்சத்திரத்தையும் மட்டும் பார்த்தேன். பிறகு உட்கார்ந்து படித்தபோதுதான் தெரிந்தது, ஒரு நட்சத்திரம் கொடுத்தவர்கள் எழுதியிருந்ததில் மூன்று பேர் ஒரே விஷயத்தைச் சொல்லியிருந்தார்கள்: தனியாக வந்த பெண் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று. ரிவ்யூ படித்தால் குறைந்த நட்சத்திரம் கொடுத்தவற்றை, அதிலும் புதிதாக வந்தவற்றைப் படியுங்கள், பெண்கள் எழுதியதைத் தேடிப் படியுங்கள், தங்கியவர்கள் போனில் எடுத்துப் போட்ட படங்களைப் பாருங்கள். அதைவிட முக்கியம், பணம் கட்டுவதற்கு முன் லாட்ஜுக்கே நேராகப் போன் போட்டு, "தனியா வர்ற லேடீஸுக்கு ரூம் குடுப்பீங்களா, ராத்திரி பத்து மணிக்கு வந்தா பிரச்சனை இல்லையா" என்று கேட்டு, பேசியவர் பெயரையும் வாங்கி வையுங்கள். இரண்டு நிமிடப் பேச்சு. நான் கூச்சப்பட்டு அதைச் செய்யவில்லை.

ஞாயிறு சாயங்காலம் தெற்கேயிருந்து சென்னைக்குள் நுழைவது எப்படிப்பட்ட பாடு என்று எனக்குத் தெரியாது. பரனூர் சுங்கச்சாவடிக்கு வெகு முன்னாலேயே வண்டிகள் ஊர ஆரம்பித்துவிட்டன. கிளாம்பாக்கத்தில் இறங்கும்போது மணி எட்டு. 2023 டிசம்பர் கடைசியில் அந்த முனையம் திறந்த பிறகு நம் பக்கத்து அரசு பஸ்கள் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுகின்றன, அங்கிருந்து எழும்பூர் ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர். இதைப் பயண நேரத்தில் சேர்க்கவே இல்லை நான். மாநகரப் பேருந்தில் தாம்பரம், தாம்பரத்தில் மின்சார ரயில், எழும்பூரில் இறங்கியபோது 9.40. போனில் சார்ஜ் 18 சதவீதம். பவர் பேங்க் எடுத்துப் போகவில்லை.

புக் செய்த லாட்ஜில் ரிசப்ஷனில் இருந்தவர் போனைப் பார்த்தார், பிறகு எனக்குப் பின்னால் பார்த்தார். "கூட யாரும்மா?" "தனியாத்தாண்ணே வந்திருக்கேன்." "தனி லேடீஸுக்கு ரூம் குடுக்கறதில்லம்மா, முதலாளி ஆர்டர்." பணம் கட்டிவிட்டேன், ஆதார் இருக்கிறது, டிஎன்பிஎஸ்சி அழைப்புக் கடிதம் இருக்கிறது என்று எல்லாவற்றையும் எடுத்துக் காட்டினேன். அவர் கடிதத்தைத் தொடக்கூட இல்லை. "அதெல்லாம் ஆப்காரங்ககிட்டக் கேட்டுக்கங்க" என்று சொல்லிவிட்டு டிவி பக்கம் திரும்பிவிட்டார். ஆப்பின் கஸ்டமர் கேரில் பத்து நிமிடம் பாட்டுதான் ஓடியது. அடுத்த இரண்டு லாட்ஜிலும் இதே பதில். வயது வந்த பெண் அடையாள அட்டையோடு தனியாகத் தங்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆனாலும் அந்த நேரத்தில் தெருவில் பையோடு நிற்கும்போது, ஏதோ தப்புச் செய்துவிட்டு வந்தவள் மாதிரி எனக்கே தோன்ற ஆரம்பித்துவிட்டது. அந்த உணர்ச்சிதான் என்னை நாலாவது லாட்ஜுக்குள் தள்ளியது. இதை அழுத்திச் சொல்கிறேன்: பார்க்க ஒழுங்காக இருக்கும் இடங்களெல்லாம் நம்மைத் திருப்பி அனுப்பிய பிறகு, ஒரு இடம் எதையும் கேட்காமல் உடனே ரூம் தருகிறது என்றால், நிம்மதி வரக் கூடாது, சந்தேகம்தான் வர வேண்டும். எனக்கு நிம்மதி வந்தது.

அந்த இடத்தில் நான் திரும்பி ரயில் நிலையத்துக்குள் போயிருக்க வேண்டும். வெளிச்சம் இருக்கிறது, போலீஸ் இருக்கிறது, போனைச் சார்ஜில் போட்டு உட்கார்ந்து யோசித்திருக்கலாம். ராத்திரி பத்து மணிக்குத் தெருவில் நின்று, பசியோடு, சார்ஜ் தீரப் போகிற போனோடு எடுக்கும் முடிவு சரியாக வராது. மாறாக, "சிஸ்டர், ரூம் வேணுமா" என்று கேட்ட ஒரு பையன் பின்னால் ஒரு சந்துக்குள் போனேன்.

ரூம் 1,000, ஜிஎஸ்டி 200, அட்வான்ஸ் 500, மொத்தம் 1,700 என்றார்கள். பில் கேட்டதற்குக் காலையில் மேனேஜர் வந்ததும் தருவார் என்றார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரை வாடகை உள்ள ரூமுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்தான், ஆயிரத்துக்கு ஐம்பது ரூபாய். பில் தராமல் ஜிஎஸ்டி கேட்டால் அது வரியே இல்லை, அவர்கள் பைக்குப் போகிற பணம். ஆதாரை வாங்கிப் போனில் படம் எடுத்துக்கொண்டான் அந்தப் பையன். லெட்ஜரில் என் பெயர், ஊர், செல் நம்பர் எல்லாம் நானே எழுதினேன், பக்கத்தில் நின்ற இரண்டு பேர் எட்டிப் பார்க்கும்படி. இப்போது எங்கே போனாலும் முதல் எட்டு எண்களை மறைத்து வரும் ஆதாரை ஆதார் இணையதளத்திலிருந்து இறக்கி, அதை ஜெராக்ஸ் எடுத்து, குறுக்கே "தங்குவதற்கு மட்டும்" என்றும் தேதியும் எழுதிக் கொடுக்கிறேன். லெட்ஜரில் அப்பா நம்பர் எழுதுகிறேன். ஏன் என்று கீழே வரும்.

பணத்தை வாங்கிய பிறகுதான் ரூமைக் காட்டினார்கள். இரண்டாவது மாடி, நடையின் கடைசி ரூம். பினாயில் வாடையும் சிகரெட் வாடையும் சேர்ந்து அடித்தது. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். அப்போதுதான் அதைச் சரியாகப் பார்த்தேன். தாழ்ப்பாளில் நாலு திருகாணி இருக்க வேண்டிய இடத்தில் இரண்டுதான் இருந்தன. ஒன்று பாதி வெளியே வந்து, விரலால் திருகினால் சுற்றியது. கம்பி போய் உட்காரும் நிலைச்சட்டத்தில் மரம் பிளந்து, அதை மறுபடியும் எம்-சீல் மாதிரி எதையோ வைத்து அடைத்து, மேலே பிரவுன் பெயின்ட் அடித்திருந்தார்கள். அந்த அடைப்பிலும் விரிசல். யாரோ ஒருமுறை அந்தக் கதவை உதைத்துத் திறந்திருக்கிறார்கள் என்பதற்கு அதைவிட என்ன வேண்டும். கதவுக்கு மேலே வென்டிலேட்டரில் ஒரு கண்ணாடி இல்லை. பாத்ரூம் சுவரில் குழாய்ப் பக்கத்தில் ஒரு ஓட்டை, அதில் நியூஸ் பேப்பரைச் சுருட்டிச் செருகியிருந்தார்கள். இன்டர்காமை எடுத்தால் சத்தமே இல்லை.

அப்போதே கீழே இறங்கியிருக்கலாம். இறங்காததற்கு ஒரே காரணம் 1,700 ரூபாய். ஏற்கனவே 749 போய்விட்டது, இதுவும் போனால் கையில் இருப்பது சாப்பாட்டுக்கும் மின்சார ரயில் டிக்கெட்டுக்கும்தான் என்ற கணக்கு. அப்பா இரண்டு நாள் தறியில் நின்றாலும் வராத பணம் என்ற நினைப்பு. அந்த நினைப்பில்தான் ரூமிலேயே இருந்துவிட்டேன். அதனால் இப்போது என் வழக்கம் இதுதான்: ரூமைப் பார்க்காமல் ஒரு ரூபாய் கொடுப்பதில்லை. பார்க்கும்போது மெத்தையைப் பார்ப்பதில்லை, முதலில் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டு, உள்ளேயிருந்து இரண்டு தரம் இழுத்துப் பார்க்கிறேன். அப்புறம் ஜன்னல் கொக்கி, வென்டிலேட்டர், பாத்ரூம் ஓட்டைகள். லைட்டை அணைத்துவிட்டுப் போன் டார்ச்சை அடித்துக் கண்ணாடி, ஸ்மோக் டிடெக்டர், ப்ளக் பாயின்ட் பக்கம் எங்காவது சின்னதாக மின்னுகிறதா என்றும் பார்க்கிறேன். நடையில் வேறு குடும்பம் தங்கியிருக்கிறதா, குழந்தைச் சத்தம் கேட்கிறதா என்பதும் ஒரு நல்ல அடையாளம்.

என் பையில் இருந்தவை சாதாரணப் பொருள் இல்லை. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், டிகிரி, சாதிச் சான்றிதழ், தமிழ்வழிக் கல்விச் சான்றிதழ் எல்லாம் ஒரிஜினல். அந்த ஃபைல் போனால் நாலு வருடப் படிப்பும் மூன்று வருடத் தயாரிப்பும் போனது மாதிரி. துணிப்பையை விட்டுவிட்டு ஃபைலை மட்டும் துப்பட்டாவால் இடுப்போடு கட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தேன். குளிக்கவில்லை, உடை மாற்றவில்லை.

பதினொன்றரைக்குக் கதவைத் தட்டி, "மேடம், தண்ணி பாட்டில் வேணுமா?" வேண்டாம் என்றேன். பத்து நிமிடம் கழித்து மறுபடி, "மேடம், கொசுவத்தி வேணுமா?" பதில் சொல்லவில்லை. நடையில் நாலைந்து ஆண்கள் குடித்துக்கொண்டு பேசுவது கேட்டது. பன்னிரண்டே முக்காலுக்குப் போனில் தெரியாத நம்பரிலிருந்து வாட்ஸப்: "தூங்கியாச்சா மேடம்". என் நம்பர் அந்த லெட்ஜரைத் தவிர வேறெங்கும் அன்றைக்கு எழுதப்படவில்லை. உடம்பெல்லாம் சில்லென்று ஆகிவிட்டது. பிளாக் செய்வதற்கு முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன், அது ஒன்றுதான் அன்று நான் யோசித்துச் செய்த காரியம். கட்டிலை இழுத்துக் கதவோரம் போடலாம் என்றால் இரும்புக் கட்டில், அசையவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியைக் கைப்பிடிக்குக் கீழே முட்டுக் கொடுத்து, அதன்மேல் பக்கெட் நிறையத் தண்ணீரும் மக்கும் வைத்தேன்.

ஒன்றேகாலுக்குப் பூட்டில் சாவி நுழையும் சத்தம். டியூப் லைட்டை நான் அணைக்கவே இல்லை, அதனால் நன்றாகத் தெரிந்தது, கைப்பிடி கீழே இறங்கியது, பூட்டு திறந்துகொண்டது. என்னிடம் இருந்த சாவியைப் போலவே இன்னொரு சாவி யாரிடமோ இருக்கிறது. தாழ்ப்பாள் மட்டும்தான் தடுத்தது, அந்தச் சுற்றுகிற திருகாணி போட்ட தாழ்ப்பாள். கதவு ஒரு விரல் அளவு உள்ளே வந்து நாற்காலியில் இடித்தது, மக்கு கீழே விழுந்து பெரிய சத்தம். நான் என்னை அறியாமல் "யார்ரா அது" என்று கத்தினேன், என் குரலே எனக்கு வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. "சாரி மேடம், ரூம் மாறிடுச்சு" என்று ஒரு குரல். செருப்புச் சத்தம் தூரப் போனது. ரூம் மாறியது என்றால் அந்தச் சாவி என் பூட்டை எப்படித் திறக்கும் என்று விடிய விடிய யோசித்துக்கொண்டிருந்தேன்.

112க்கு அடிக்கக் கையில் எடுத்தேன். அடிக்கவில்லை. என்ன சொல்வது, எதுவும் நடக்கவில்லையே, போலீஸ் வந்தால் வீட்டுக்குத் தெரியும், தனியாக ஏன் வந்தாய் என்று கேட்பார்கள் என்றெல்லாம் தோன்றியது. அம்மாவிடமிருந்து பத்து மணிக்கு வந்த மெசேஜ், "சாப்பிட்டியா தாயி", அதற்கு நான் "சாப்பிட்டேன்மா, ரூம் நல்லாருக்கு" என்று பதில் போட்டிருந்தேன். அதைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டு அழுதேன். நான் எந்த லாட்ஜில் இருக்கிறேன் என்பதே உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. ஆப்பில் பதிவாகியிருப்பது வேறு லாட்ஜ். இதை நினைத்தபோது வந்த பயம் அந்தச் சாவிச் சத்தத்தைவிடப் பெரிது. தயவு செய்து, வீட்டுக்குச் சொல்லப் பயமாக இருந்தால் ஒரு தோழிக்காவது லாட்ஜ் பெயர்ப் பலகையின் படத்தையும் லைவ் லொகேஷனையும் ரூம் நம்பரையும் அனுப்பிவிட்டுப் படியேறுங்கள்.

தெற்கேயிருந்து வரும் இரவு ரயில்கள் பல அதிகாலையில்தான் எழும்பூர் வந்து சேரும் என்பதால் நாலு மணிக்குள் தெருவில் ஆட்டோச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். கீழே கிரில் கேட்டுக்குப் பூட்டு. உள்ளே ஒரு பாயில் ரூம் பாய் தூங்கிக்கொண்டிருந்தான். தீப்பிடித்திருந்தால் இரண்டு மாடியில் இருந்தவர்களும் அந்தப் பூட்டுக்குப் பின்னால்தான். எழுப்பினேன், "அட்வான்ஸ் மேனேஜர் வந்தாத்தான்" என்றான். "வேண்டாம், கேட்டைத் திற" என்றேன். ஐநூறு ரூபாயை விட்டுவிட்டு அந்தப் படியை விட்டு இறங்கியபோது மூச்சு வந்தது.

நிலையத்தில் ரயில்வே போலீஸ் அக்கா ஒருவர் என்னைப் பார்த்து, "எங்கம்மா போகணும்?" என்று கேட்டதுமே உடைந்துவிட்டேன். திரும்பும் பொதிகை டிக்கெட்டைப் பார்த்துவிட்டுப் பெண்கள் காத்திருப்பு அறையில் உட்கார வைத்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னது: "அப்பவே 112 அடிச்சிருக்கணும்மா. கதவைத் திறக்கப் பாத்தான்னு சொன்னா போதும். நடக்கட்டும்னு எதுக்குக் காத்திருக்கணும்?" அதிலிருந்து தமிழ்நாடு போலீஸின் காவல் உதவி ஆப் என் போனில் முதல் பக்கத்தில் இருக்கிறது, பெண்கள் உதவி எண் 181, ரயில்வே 139 மனப்பாடம்.

சரிபார்ப்பு நல்லபடியாக முடிந்தது. கையெழுத்துப் போடும்போது விரல் நடுங்கியது, எதிரில் இருந்தவர் பதற்றம் வேண்டாம்மா என்றார். அவர் நினைத்த காரணம் வேறு.

எனக்கு மனது ஆறாத விஷயம் என்னவென்றால், நல்ல வழிகள் பக்கத்திலேயே இருந்தன. கன்பார்ம் அல்லது ஆர்ஏசி டிக்கெட்டின் பிஎன்ஆர் இருந்தால் ஏறும் நிலையத்திலோ இறங்கும் நிலையத்திலோ ரயில்வே ஓய்வறைக்கு ஐஆர்சிடிசி வழியாகவே கேட்கலாம். என் கையில் திரும்பும் டிக்கெட் இருந்தது. எல்லா நாளும் இடம் கிடைக்காது, முன்கூட்டியே பார்க்க வேண்டும். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ஒய்டபிள்யூசிஏ விருந்தினர் இல்லம் இருக்கிறது, எழும்பூரிலிருந்து கிட்டத்தில்தான், வாடகை லாட்ஜைவிடக் கூட, ஆனால் நான் இழந்ததோடு ஒப்பிட்டால் கூட என்று சொல்ல மாட்டேன். தாம்பரம், கூடுவாஞ்சேரிப் பக்கம் வேலைக்குப் போகும் பெண்களுக்கான அரசின் தோழி விடுதிகளிலும் சில நாள் தங்க இடம் கேட்கலாம், கிளாம்பாக்கத்தில் இறங்குபவர்களுக்கு அது இன்னும் வசதி. ஆவடியில் இருக்கும் சித்தி, ஒற்றை ரூம் வீடு என்று நான் தொந்தரவு செய்யாமல் விட்ட சித்தி, இதைக் கேட்டதும் மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

இப்போது என் பையில் நூறு ரூபாய்க்குள் வாங்கிய ரப்பர் டோர் ஸ்டாப்பர் ஒன்று எப்போதும் இருக்கிறது. உள்பக்கம் திறக்கும் கதவுக்கு அடியில் செருகிவிட்டால் வெளியேயிருந்து தள்ளத் தள்ள இறுகும், தாழ்ப்பாளை மட்டும் நம்ப வேண்டியதில்லை. தரை வழுவழுப்பான டைல்ஸாக இருந்தால் வழுக்கக்கூடும். ஒரு பவர் பேங்க், ஒரு விசில். ஒரிஜினல் சான்றிதழ்களுக்கு ஸ்கேன் காப்பி மெயிலில் இருக்கிறது.

பணத்தைப் பற்றி. ஆப்காரர்கள் முதலில் என் புகாரை ஏற்கவில்லை, நான் வரவே இல்லை என்று அந்த லாட்ஜ் பதிவு செய்திருந்தது. அன்று 9.50க்கு அந்த வாசலில் நின்று தோழிக்கு அனுப்ப எடுத்து, அனுப்பாமல் விட்ட ஒரு படமும், கஸ்டமர் கேருக்குப் போட்ட கால் பதிவும் போனில் இருந்தன. அவற்றை வைத்துத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுத்தேன், பத்தொன்பதாவது நாள் 749 திரும்பி வந்தது. திருப்பி அனுப்பினால் வாசலிலேயே ஒரு படம் எடுங்கள், மணி அதில் பதிவாகும், லொகேஷன் ஆன் செய்திருந்தால் இடமும் பதிவாகும். நாலாவது லாட்ஜில் கொடுத்த 1,700க்கு ஒரு துண்டுச் சீட்டுகூட என்னிடம் இல்லை. வாட்ஸப் ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் வைத்திருக்கிறேன். அந்த நம்பர் மேல் புகார் கொடுக்கலாம் என்று தோழி சொல்கிறாள், வீட்டில் மீதிப் பாதியையும் சொல்லிவிட்டு, அப்பாவையும் கூட்டிக்கொண்டு போய்க் கொடுப்பதாக இருக்கிறேன்.